இறந்தவருக்குக் கொடுத்த மாத்திரைகள்

சீட்டு வந்தது ஒரு வியாழக்கிழமை. நேரம் பதினொன்று பத்து என்று என் டைரியில் இருக்கிறது. வெயில் என்றும் இருக்கிறது. மாநகராட்சியின் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தாராவியில் இருந்த எங்கள் டிஸ்பென்சரிக்கு அவ்வப்போது இப்படிச் சீட்டுகள் வரும். எங்களிடம் காசநோய்க்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர் யாராவது அங்கே இறந்துபோனால் அவருடைய பெயர், அட்டை எண், இறந்த தேதி மூன்றும் அதில் இருக்கும். நான் பதிவேட்டைத் திறந்து அந்தப் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் கோடிழுத்து, தேதி போட்டு, அட்டையை உருவித் தனியாகக் கட்டி வைப்பேன். குமாஸ்தாவாகச் சேர்ந்த நாளிலிருந்து என் வேலைகளில் அதுவும் ஒன்று. ஒரு சீட்டுக்கு நான்கு நிமிடம் ஆகும்.

அன்று நான்கு நிமிடத்தில் முடியவில்லை.

சீட்டின்படி அவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பதிவேட்டின்படி அதற்குப் பிறகு ஆறு முறை மாத்திரை வாங்கியிருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்றுகூடத் தவறவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, குறிப்பு என்ற கட்டத்தில், என் கையெழுத்தில் ஒரு வரி. 'இருமல் குறைவு.' 'பசி எடுக்கிறது.' 'மாலைக் காய்ச்சல் நின்றது.' 'வியர்வை இல்லை, தூக்கம் உண்டு.' அவர் உயிரோடு மாத்திரை வாங்கிய பதினான்கு மாதங்களில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது, அல்லது 'முன்போலவே' என்று இருந்தது. இறந்த பிறகுதான் அவருக்கு உடம்பு தேறத் தொடங்கியிருந்தது.

அட்டை எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன். தகப்பனார் பெயர், வயது, தோல் பதனிடும் தொழில், எல்லாம் பொருந்தின. நான் பிறர் தவறுகளைப் பிடிப்பவள் என்று டிஸ்பென்சரியில் பெயர். இங்கே தவறு யாருடையது என்று தெரியவில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்து மறுபடி மூடினேன். சீட்டை மேஜை இழுப்பறையில் வைத்தேன். அப்படி ஒரு சீட்டை நான் வைத்தது அதுவே முதல் தடவை.

மாத்திரையை வாங்க வந்தது அவர் மனைவி. அதில் விதிமீறல் எதுவும் இல்லை. கூலி வேலை செய்கிறவர்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாது என்று, அவர்களுக்குப் பதிலாக வீட்டார் வந்து இரண்டு வார மாத்திரையை வாங்கிப் போகலாம் என்று எங்கள் டாக்டர் அனுமதித்திருந்தார். நோயாளி எப்படி இருக்கிறார் என்று நான் ஜன்னல் வழியாகக் கேட்பேன். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வரும்போது கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒன்பது நாற்பதுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். எண்ணெய் வைத்து வாரிய தலை, விரல் நுனிகளில் தோல் ஒட்டும் பசை காய்ந்த வெள்ளை. அட்டையை நீட்டினாள்.

"எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். நான் கேட்க நினைத்திருந்த கேள்வி அது இல்லை.

"நல்லா இருக்காவ மேடம். நேத்து நண்டுக்குழம்பு வச்சு ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டாவ. முன்னயெல்லாம் வாசம் பட்டாலே குமட்டும்லா. இப்ப தண்ணிக் கொடம் தூக்கினாகூட மூச்சு வாங்கலை."

"ராத்திரி?"

"வேர்க்கதே இல்லை. தலவாணி காஞ்சு கெடக்கு."

"வேலைக்குப் போறாரா?"

"போறாவ. டூட்டிதான். அதான் வர முடியலை."

என் முழங்காலுக்கு மேலே இழுப்பறையில் அந்தச் சீட்டு இருந்தது. அவள் என் கண்ணைப் பார்த்தே பேசினாள். பொய் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். சுருக்கமாகச் சொல்வார்கள், அல்லது கேட்காததையும் சொல்வார்கள். இவள் பக்கத்தில் படுத்திருந்தவரைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதைப் போலச் சொன்னாள். என் கை தானாகக் கட்டத்தில் எழுதியது: 'பசி நன்று. மூச்சு சீர்.' ஏழாவது வரி. தெரிந்தே எழுதியது.

அன்று டைரியில், கேட்கவில்லை, காரணம் தெரியவில்லை என்று இருக்கிறது. அதற்குக் கீழே மூன்று யூகங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் ஆள் மாறியிருக்கலாம். துக்கத்தில் அவளுக்குப் புத்தி பேதலித்திருக்கலாம். மாத்திரையை வெளியே விற்கலாம். மூன்றையும் எழுதிவிட்டு, மூன்றுமே இல்லை என்று எனக்கே தோன்றியதையும் எழுதியிருக்கிறேன். அந்தத் தலையணை காய்ந்து கிடக்கிற அறையில் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

டிஸ்பென்சரிச் சுவரில் கொள்கைப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் மேலிடத்திலிருந்து வந்தது. வரிசையில் பாதிப்பேர் திருநெல்வேலிக்காரர்கள் என்பதால் தமிழில் நான்தான் எழுதினேன். மருந்துக்கு யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது, அது மக்கள் வரிப்பணம். எந்த ஊர், எந்த மதம், ரேஷன் கார்டு உண்டா என்று பார்த்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. தெரிந்தவருக்கு முதலிடம் இல்லை, நோய் முற்றியவருக்கே முதலிடம். ஒருவர் நோயை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. தொடங்கிய மருந்தை முடியும்வரை கொடுக்க வேண்டும்; நடுவில் நின்றுபோனவரை வீடு தேடிப் போய் அழைத்து வர வேண்டும். கடைசி வரியை எழுதும்போது எனக்கு உள்ளூரப் பெருமை. காசு வாங்குகிற டாக்டர் எவரும் வராத நோயாளியைத் தேடிக்கொண்டு போவதில்லை. அரசாங்கம் போகும்.

எட்டாவது தடவை அவள் வந்தபோது டாக்டரே அட்டையைப் பார்த்துவிட்டார். பதினெட்டு மாதம், முழுக் கெடுவும் முடிந்துவிட்டது. எடை பார்க்க வேண்டும், சளி பார்க்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். "அடுத்த தடவை ஆளைக் கூட்டிக்கொண்டு வா, மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று இந்தியில் சொல்லிக் கடைசியாக இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். அவள் மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலை விட்டு நகராமல் நின்றாள். பின்னால் இருந்தவர் இடித்த பிறகே போனாள்.

அதன்பின் வரவில்லை. இரண்டு வாரம் தவறியது. நான்கு வாரமும் ஆயிற்று. பெயரை வீடு பார்க்கும் ஊழியரின் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். வெள்ளைப் புடவையும் பழுப்புப் பையுமாக அவரைத் தாராவியில் அறியாதவர் இல்லை. அவர் ஒரு கதவைத் தட்டினால் சந்தில் இருக்கிற எல்லாக் கதவுக்கும் காரணம் தெரிந்துவிடும். இறந்துபோன ஒருவரைத் தேடி அவரை அனுப்ப எனக்குக் கை வரவில்லை. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஜிப் அறுந்த என் பழைய கைப்பையை எடுத்துக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நானே போனேன்.

ஆடி மாதம். மழை விட்டிருந்தது. ஆண்கள் வேலைக்குப் போய்விட்ட சந்து அந்த நேரத்தில் ஆளே இல்லாததைப் போல இருந்தது. இரண்டு பக்கத் தகரக் கூரையும் மேலே கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டதால் பகலிலேயே அரை இருட்டு. அங்கே கோலி என்றால் ஒற்றை அறை வீடு. அட்டையிலிருந்த கோலி எண்ணுக்கு முந்தின கதவின் படியில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஜிப் தைக்க வேண்டும் என்றேன்.

"பக்கத்துக் கோலிக்காரி தைப்பா. ஆனா செத்த பொறுங்க. இப்பப் போவாதிய."

"ஏன், வீட்டில் இல்லையா?"

"அவ இருக்கா. அவனும் இருக்காம்லா."

"யாரு?"

"அவ மாப்பிள்ளை."

என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது. "வேலைக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"செத்தவன் எங்க வேலைக்குப் போவான்? அஞ்சு மாசம் ஆச்சு." அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "மொதல்ல நித்தம் இருமுனான். பொறவு ஒரு மூணு மாசம் சத்தத்தையே காணும், போய்ச் சேந்துட்டான்னு நெனச்சோம். ஆடி பொறந்துச்சு பாருங்க, திரும்பி வந்துட்டான்."

"அந்தப் பெண் இருமுவதாக இருக்கலாமே?"

"அவளா? பைப்படியில நித்தம் ஒரு மணிக்கூர் கூட நிக்கேன். ஒரு தும்மல் போட்டுப் பாத்ததில்லை. அது ஆம்பளை இருமல் தாயி. எனக்குத் தெரியாதா? எட்டு வருசம் இந்தத் தகரத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டிருக்கேன்."

அப்போது கேட்டது. தகரத்துக்குப் பின்னால், அடி நெஞ்சிலிருந்து இரண்டு இருமல்; ஒரு நிறுத்தம்; மூன்றாவது நீளமாக இழுத்துக்கொண்டு. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கேட்டியளா?" என்றவர், திரும்பித் தகரத்தை ஓங்கித் தட்டினார். "ஏலே! இப்பதானல டீ வச்சேன். குடிச்சுட்டுச் சும்மா கெட. விருந்தாடி வந்திருக்காவ!"

இருமல் பாதியில் நின்றது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது.

"இப்பச் சொன்னாக் கேக்கான். உசிரோட இருக்கையில ஒரு சொல்லு கேட்டானா?" என்று அரிசிக்குத் திரும்பினார்.

பக்கத்துக் கதவுக்கு நான்கு எட்டு. எண்ணினேன். படியில் ஒரு கண்ணாடித் தம்ளர், அதன் மேல் குறுக்காக ஒரு பீடி. தம்ளர் காலியாக இருந்தது, அடியில் பால் ஆடை இன்னும் ஈரமாக இருந்தது. தட்டினேன். திறந்தவுடன் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் கதவின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. இப்படிப் பார்த்ததை டைரியில் எழுதியிருக்கிறேன், இங்கேயும் மறைக்கவில்லை.

தையல் மெஷின், தோல் துண்டுக் குவியல், பசை வாடை, சுவரில் பள்ளிக்கூடப் பை ஒன்று. அவள் என் கைகளைத்தான் முதலில் பார்த்தாள்.

"அந்தப் பழுப்புப் பையைக் கொண்டு வரலைல்லா?"

"இல்லை. ஜிப் தைக்கணும்னுதான் சொல்லியிருக்கேன்."

கதவைச் சாத்தினாள். நான் குரலைத் தாழ்த்தி, ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டு வந்து வெகு நாளாயிற்று என்றேன்.

"அப்பத் தெரிஞ்சுக்கிட்டேதான் குடுத்தியளா?"

"ரெண்டு தடவை."

"எதுக்கு?"

அவளுக்கு இருமல் வந்தது. ஒரு துண்டை நான்காக மடித்து வாயில் அழுத்திக்கொண்டு குனிந்தாள். இரண்டு, ஒரு நிறுத்தம், மூன்றாவது நீளமாக. தகரத்துக்கு அப்பால் பக்கத்துப் பெண்மணியின் முனகல் கேட்டது, சலிப்பாக.

"நான் சொன்னது ஒண்ணும் பொய்யில்லை எக்கா," என்றாள், மூச்சு வந்ததும். "பசிச்சது எனக்கு. வேர்வை நின்னது எனக்கு. அவிய போறதுக்கு முந்தியே எனக்கும் சாயங்காலக் காய்ச்சல் வந்துட்டு, துப்பினா ரத்தம். அவிய அட்டை இருந்துச்சு. வாங்கிச் சாப்பிட்டேன்."

"உங்க பேர்லயே அட்டை போட்டிருக்கலாமே? யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டோம்."

"நீங்க கேக்க மாட்டிய. வீட்டுக்கு வருவியள்ளா?" மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசினாள். "அவிய ரெண்டு தடவை மாத்திரைக்குப் போகலைன்னு வெள்ளைச் சேலை அம்மா வந்தாவ. நல்லவிய, பிள்ளைக்கு பிஸ்கட்டு கூடக் குடுத்தாவ. அன்னைக்கே சந்துக்காரவிய பைப்புல எங் கொடத்தைத் தள்ளி வச்சுட்டாவ. அவிய செத்த பொறவுதான் திரும்பச் சேத்தாவ. எனக்கும் இருக்குன்னு தெரிஞ்சா கொழுந்தன்மாரு ஊர்லேர்ந்து வந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாவ. ஆறு வயசு. போனா வராது."

"பக்கத்துல வேற மாதிரி சொல்றாங்களே."

"பேய்னா? சொல்லட்டும். பேய் உள்ள வீட்டுக்குத் தண்ணி விடுதாவ எக்கா. சீக்கு உள்ள வீட்டுக்கு விட மாட்டாவ." திடீரென்று சிரித்தாள். "டீயும் வைக்காவ. பால் சாஸ்தி போட்டு. நான்தான் குடிக்கேன். அந்தப் பீடியத்தான் என்ன செய்யன்னு தெரியலை, அடுப்புல போடுதேன்."

பத்து நிமிடத்துக்கு முன்னால் என்னை மயிர்க்கூச்செறிய வைத்த சத்தம் இவள் நெஞ்சுக்குள் இருந்தது. பயம் குறையவில்லை, இடம் மாறியது. நாங்கள் பெருமையாக எழுதி மாட்டிய இரண்டு வரிகளில், ரகசியம் காப்போம் என்பதும் தேடி வருவோம் என்பதும், இந்தச் சந்தில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பெண் தன் புருஷனின் ஆவியாக இருந்துகொண்டிருந்தாள்.

நான் தெரிந்ததைச் சொன்னேன். "அவர் அட்டைதான் முடிஞ்சுடுத்து. உங்களோடது நாலு மாசம்தான் ஆயிருக்கு. இப்ப விட்டா அப்புறம் எந்த மாத்திரைக்கும் அடங்காது."

"அவியள நான் எங்கேர்ந்து கூட்டிட்டு வர?"

"அவரைக் கூட்டிண்டு வர வேண்டாம். நீங்க வாங்கோ. குழந்தையையும் அழைச்சிண்டு வாங்கோ, அதுக்கும் பார்க்கணும்."

"பொறவு வீட்டுக்கு ஆள் வரும்."

"வேற வீட்டுக்கு வரும்" என்றேன். சொன்ன பிறகுதான் எந்த வீடு என்று யோசித்தேன்.

வெளியே வந்தபோது அந்தப் பெண்மணி கேட்டார்: "என்ன, இருந்தானா?"

"சத்தம் கேட்டது" என்றேன். அது பொய்யில்லை.

சனிக்கிழமை காலை டாக்டரிடம் எல்லாவற்றையும் வரிசைப்படி சொன்னேன். இழுப்பறைச் சீட்டை மேஜைமேல் வைத்தேன். அவர் கோபப்பட்டார், அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. பிறகு பதிவேட்டை இழுத்து எட்டுக் குறிப்புகளையும் விரல் வைத்துப் படித்தார். இறந்தவர் பெயருக்குச் சிவப்புக் கோடு போடச் சொன்னார், உண்மையான தேதியில். குறிப்புகளை அடிக்க வேண்டாம், புது அட்டைக்கு மாற்றி எழுதுங்கள், ஒரு நோயாளி சொன்னவைதானே என்றார்.

அவள் வந்தாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. தாயின் எக்ஸ்ரேயில் வலப்பக்கம் மேலே வெள்ளை. புது அட்டையில் பெயர் அவளுடையது, முகவரி மாட்டுங்காவில் நான் தனியாகக் குடியிருந்த என் தகப்பனார் வீட்டினுடையது. பகுதி மாறினால் டிஸ்பென்சரியும் மாறும், வீடு பார்க்கிறவரும் மாறுவார். தாராவிச் சந்துக்கு யாரும் வர மாட்டார்கள். பொய் என்று அறிந்தே நான் எழுதிய முகவரி அது ஒன்றுதான். டாக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

ஏழு மாதம் அவள் மாட்டுங்காப் பக்கத்து டிஸ்பென்சரிக்குத் தவறாமல் போனாள். தைத்து முடித்த தோல் பைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கு இருந்தது. எட்டாவது மாதம் பிள்ளைக்கு டைபாய்டு வந்து இரண்டு தடவை போக முடியவில்லை. விதி தன் வேலையைச் செய்தது. நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது எதிர் வீட்டு மாமி கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார்.

"ஏண்டி, வெள்ளைப் புடவைக்காரி ஒருத்தி வந்தா. உன் விலாசத்தைக் காட்டி, மாத்திரைக்கு ஏன் வரலைன்னு கேட்டா. கையில அந்தப் பை வேற. யாருக்குடி மாத்திரை?"

ஒரு வாக்கியத்தில் சரிசெய்திருக்கலாம். அந்த வாக்கியம் என்னுடையது இல்லை.

"வந்தாளா? சரி மாமி. நாளைக்குப் போயிடறோம்."

"போயிடறோமா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாரத்திலிருந்து உறை மோர் கேட்டு யாரும் என் வீட்டுக்கு வரவில்லை. படித்தவர்கள், ஆபீஸ் போகிறவர்கள் இருக்கிற கட்டிடம். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. மாடிப்படியில் நான் ஏறினால் இறங்குகிறவர்கள் சுவரோரமாக நின்று வழி விட்டார்கள்.

அவள் மறுநாளே போய் வாங்கிக்கொண்டாள். தவறிய வாரங்களையும் சேர்த்துக் கொடுத்து முடித்தார்கள். கடைசி எக்ஸ்ரேயில் வடு மட்டும் இருந்தது. இருமல் நின்று வெகு நாளான பிறகு பக்கத்துப் பெண்மணி ஆடி அமாவாசைக்குப் படையல் வைத்து, அவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சந்துக்கு அறிவித்தாராம். "டீ நின்னு போச்சு எக்கா" என்று என்னிடம் வந்து சொன்னாள். பிள்ளை அவளோடுதான் இருந்தது.

அந்த டிசம்பரில் எனக்குச் சளி பிடித்தது. வெறும் சளி, மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது இருமினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோவின் சத்தம் குறைந்தது. யாரோ சுவருக்கு அருகில் வந்து நின்றதைப் போல இருந்தது. மூச்சுகூடக் கேட்டது என்று டைரியில் எழுதி, பிறகு 'நிச்சயமில்லை' என்று சேர்த்திருக்கிறேன். மறுபடி தொண்டை அரித்தது. ஸ்டேஷனிலிருந்து லோக்கல் வண்டி கிளம்பி எங்கள் கட்டிடத்தைக் கடக்க நான்கு நிமிடம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வண்டி வந்தது. இருமினேன்.